மாதிரி வீடு

"இன்னொரு சாவி எங்க சார்? அதைக் கொடுங்க."

இந்த ஒன்றை மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்டுவிடாதே என்று சின்னவளிடம் சொல்லாதவர்கள் கிடையாது. வீடு பிடித்துக் கொடுத்த தரகர் சொன்னார். பெற்ற அம்மா சொன்னாள். கூடப் பிறந்த பெரியவள் தொலைபேசியில் கெஞ்சினாள். எல்லாருக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டியவள்தான், இன்று அந்த உயரமான கட்டடத்தின் தரைத்தளத்தில், விற்பனை அலுவலகத்துக் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு அதையே கேட்டுவிட்டாள். முழங்கால் தனியாக நடுங்கியது. ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

மேலாளர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பினார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. இப்போதும் சிரித்தார்.

"முதல்ல உட்காரும்மா. தண்ணி குடிக்கிறியா?"

"சாவி சார்."

சுவரோரத்துச் சோபாவில் தரகர் உட்கார்ந்திருந்தார். சொல்லக் கூடாத வார்த்தை காதில் விழுந்தவர் மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பெண், கைப்பையை மடியில் அணைத்தபடி. இதே நிறுவனத்தின் பக்கத்துக் கட்டடத்தில் வாடகைக்கு வீடு பார்க்கத் தரகர் அழைத்து வந்திருக்கிறார். வரவேற்பு மேசையில் இருந்தவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள்.

சின்னவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மறுபடி எழுந்து நிற்கத் தைரியம் வருமா என்று அவளுக்கே சந்தேகம்.

*

சின்னவளின் அப்பா சாமான் வண்டி ஓட்டுகிறவர். ஊரில் யார் வீடு மாற்றினாலும் அவர்களுடைய பீரோவையும் கட்டிலையும் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. பிறருடைய எத்தனையோ வீடுகளுக்குள் போய் வந்தவருக்கு வாய்த்தது ஓர் அறைதான். அதில் நாலு பேரும் வரிசையாகப் படுத்தால் சுவர் இடிக்கும். சின்னவள் பரீட்சைக்குப் படித்ததெல்லாம் நிறுத்தி வைத்த வண்டியின் முன் இருக்கையில்தான். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது.

படித்து முடித்து, ஒரு பெரிய நகரத்தில், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. திருட்டுப் போனதாகச் சொல்லி இழப்பீடு கேட்டு வருகிறவர்களை விசாரிக்கும் பிரிவு. அங்கே யார் வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'வீட்டுக்கு எத்தனை சாவி? எது யார் கையில இருந்தது?' இதற்குப் பதில் சொல்லும்போதுதான் பொய் சொல்கிறவன் தடுமாறுவான். சின்னவள் இந்தக் கேள்வியை முகத்துக்கு நேராக, இமைக்காமல் கேட்பாள். அலுவலகத்தில் அவளுக்குச் 'சாவிக்காரி' என்றே பட்டப்பெயர்.

அந்தச் சாவிக்காரி தன் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டாள் என்பதுதான் கொடுமை.

வேலை கிடைத்த ஊரில் வீடு கிடைக்கவில்லை. "தனியாவா?" என்பார்கள். "ஆமா" என்றால், தலை முதல் கால் வரை ஒரு பார்வை. "யாராவது வந்து போவாங்களா?" என்று அடுத்த கேள்வி. அதற்கு எந்தப் பதில் சொன்னாலும் கதவு சாத்தப்படும். விடுதி ஒன்றில் ஒரே அறையில் அடைந்து கிடந்து, மற்றவர்களின் ஈரத் துணிக்கு அடியில் தூங்கி அலுத்துப்போனபோதுதான் இந்தத் தரகர் வந்தார்.

"மேடம், உங்க ராசியே ராசி" என்றார் அவர். "முப்பத்தோராவது மாடி. ஒரு படுக்கையறை. கட்டில், சோபா, டிவி எல்லாம் உள்ளயே இருக்கு. பெட்டியைத் தூக்கிட்டுப் போனாப் போதும். கீழ நீச்சல் குளம் வேற. நீச்சல் தெரியலன்னா ஓரமா உட்கார்ந்து வேடிக்கை பாருங்க, அதுக்குத் தனி வாடகை கிடையாது."

"இவ்வளவு கம்மியா ஏன் விடுறாங்க?"

"முன்னாடி அதை மாதிரி வீடா வெச்சிருந்தாங்க. வாங்க வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கு. இப்ப சும்மா கிடக்கு. ஆள் புழங்காம பாழாப் போயிடுமேன்னு, நல்ல பொண்ணாப் பார்த்து விடச் சொல்றாரு சார்."

"நல்ல பொண்ணுன்னா?"

"காலையில போயிட்டு சாயங்காலம் வர்ற பொண்ணு."

அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பழக்க தோஷத்தில், "சாவி எத்தனை?" என்று மட்டும் கேட்டாள்.

தரகர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு உங்ககிட்ட. இன்னொண்ணு அவசரத்துக்கு ஆபீஸ்ல இருக்கும். குழாய் உடைஞ்சா, தீப் பிடிச்சா, வேணுமில்ல? வேற எது வேணும்னாலும் கேளுங்க மேடம், வாங்கித் தர்றேன். அந்த இன்னொரு சாவியை மட்டும் கேட்டுடாதீங்க. முன்னாடி இருந்த பொண்ணு கேட்டா. மறுநாளே காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

சின்னவள் ஈரத் துணிகளை நினைத்துக்கொண்டாள். கேள்வியை விழுங்கினாள்.

*

குடி போன அன்று அப்பா, அம்மா, பெரியவள் மூவரும் வந்தார்கள். லிஃப்ட் ஏறியபோது அம்மாவுக்குக் காது அடைத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே வண்டிகள் எறும்பு மாதிரி போயின. மேசையில் ஒரு கிண்ணம் நிறைய ஆப்பிள்கள் பளபளத்தன. அப்பா ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்து ஒரு கடி கடித்தார்.

"பிளாஸ்டிக்குப்பா!" என்று பெரியவள் கத்துவதற்குள் கடித்தே விட்டார்.

"பல்லு போயிருக்கும்" என்று அப்பா தாடையைத் தடவினார். "இதை வெச்சு என்னடா பண்றாங்க, பசிக்காம பார்த்துக்கிட்டே இருப்பாங்களா?"

ஆப்பிள் மட்டுமல்ல, அலமாரியில் இருந்த புத்தகங்களும் வெறும் அட்டைகள்தான். டிவியும் அட்டை. தொட்டியில் இருந்த செடி துணி. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது மேலாளரே நேரில் வந்துவிட்டார்.

"டிவியை உடனே மாத்திடலாம். உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க. உங்க பொண்ணைப் பத்திக் கவலையே வேண்டாம். என் பொண்ணு மாதிரி. நான் அவளுக்கு அப்பா மாதிரி."

அம்மாவுக்குக் கண் கலங்கியது. அப்பா, இரண்டாவது அப்பாவுக்குக் கும்பிடு போட்டார். அவர் போனதும் சின்னவள், "வாய்க்கு வாய் மாதிரி மாதிரின்னு... 'மாதிரியார்'னு பேரு வெச்சிடலாம்" என்றாள். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அவர்கள் கிளம்பிப் போன பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தேடினாள். தாழ்ப்பாள் இல்லை. படுக்கையறைக் கதவிலும் இல்லை. குளியலறைக் கதவிலும் இல்லை. கைப்பிடி மட்டும் தங்க நிறத்தில் மின்னியது. காட்டுவதற்குக் கட்டிய வீட்டில் யார் உள்ளேயிருந்து தாழ் போடப் போகிறார்கள்?

மறுநாள் மேலாளரிடம் கேட்டாள். "இவ்வளவு நல்ல கதவுல யாராவது ஆணி அடிப்பாங்களாம்மா?" என்றார் அவர், வருத்தத்தோடு. அன்றிலிருந்து அவள் படுக்கும் முன் சாப்பாட்டு நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பது வழக்கமாயிற்று.

அந்தத் தளத்தில் அவளைத் தவிர வேறு குடித்தனம் இல்லை. மேலும் கீழும் பல தளங்கள் இன்னும் விற்காமல் கிடந்தன. லிஃப்ட் கதவு திறந்தால் நீளமான நடைபாதை, இருபுறமும் மூடிய கதவுகள், கம்பளத்தில் தன் காலடியே கேட்காத அமைதி. கத்தினால் யாருக்குக் கேட்கும் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தாள். பிறகு அந்த யோசனையை விட்டுவிட்டாள். அது அவளை விடவில்லை.

*

முதலில் படுக்கை. காலையில் அவசரத்தில் போர்வையைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போனவள், மாலை வந்து பார்த்தால் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகப்பட்டிருந்தது. தலையணை நிமிர்ந்து நின்றது. தானே செய்துவிட்டு மறந்திருப்போம் என்று நினைத்தாள். மறுநாள் வேண்டுமென்றே கலைத்துப் போட்டுவிட்டுப் போனாள். மாலை, அதே நிமிர்ந்த தலையணை.

பிறகு வாசனை. கதவைத் திறந்ததும் யாரோ பூசிய சென்ட், இன்னும் கலையாமல் காற்றில் நின்றது.

பிறகு கை. கண்ணாடிச் சுவரில், அவளுடைய முழங்கால் உயரத்தில், ஒரு குழந்தையின் உள்ளங்கை. ஐந்து விரலும் விரிந்து, மெழுகு பதிந்த மாதிரி. வெளியேயா என்று துடைத்துப் பார்த்தாள். துணியில் வந்துவிட்டது. உள்ளேதான். முப்பத்தோராவது மாடியில், பூட்டிய வீட்டுக்குள், குழந்தை! சின்னவளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்று இரவு முழுக்க விளக்கை அணைக்கவில்லை.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். களைப்பில் பையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் விழுந்தாள். விழுந்த வேகத்தில் எழுந்தாள்.

இருக்கை சூடாக இருந்தது.

ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. கையில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர்ந்தாள். யாரும் இல்லை. குளியலறைக்கு வந்தாள். நேற்றுத்தான் துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருந்த அவளுடைய நீலத் துண்டு, கொக்கியில் தொங்கியது. தொட்டாள். ஈரம்.

தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"எலி ஏதாவது ஓடியிருக்கும்டி" என்றாள் அம்மா.

"எலி குளிச்சிட்டுத் துண்டால துவட்டிக்கிச்சாம்மா?"

"வாயைக் குறைச்சுக்கோ. அந்த ஆபீஸ்ல ஒரு சாவி இருக்குன்னு சொன்னாங்கல்ல? துடைக்கப் பெருக்க யாரையாவது அனுப்பியிருப்பாரு அந்தப் பெரிய மனுஷன்."

"அப்ப அந்தச் சாவியைக் கேட்டு வாங்கிடுறேன்."

"ஐயோ, வேண்டாம்!" அம்மாவின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "அதைக் கேட்டா வெளிய அனுப்பிடுவாங்கன்னு தரகர் சொல்லியிருக்காருல்ல. இந்த மாதிரி வீட்டை நம்ம பரம்பரையில யார் கண்டா? உங்கப்பா சாமான் ஏத்துற வீட்டுலயெல்லாம் 'என் சின்னவ முப்பத்தோராவது மாடி'ன்னு சொல்லிட்டுத் திரியுறாரு. பெரியவளைக் கேட்டு வந்த இடத்துலகூட அதைத்தான் முதல்ல சொன்னாரு. இப்பப் போயி உன் வீட்டுக்கு எவனோ வந்து போறான்னு சொன்னா, நாலு பேரு என்ன பண்ணுவாங்க தெரியுமா? மத்த எல்லாத்தையும் விட்டுட்டு 'வந்து போறான்'ங்கிறதை மட்டும் எடுத்துக்குவாங்க."

அம்மா சொன்னது தப்பாக இருந்தால் சின்னவள் சண்டை போட்டிருப்பாள். அது உண்மையாக இருந்தது.

பெரியவள் தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். "என் கல்யாணம் முடியுற வரைக்கும் பொறுத்துக்கோடி. உன் கால்ல வேணா விழுறேன்."

அலுவலகத்தில் அடுத்த நாளும் யாரோ ஒருவரிடம், "வீட்டுக்கு எத்தனை சாவி? எது யார் கையில?" என்று சின்னவள் கேட்டாள். கேட்கும்போது அவள் கண் இமைத்தது.

*

இந்த வாரம் ஒருநாள் தலை பிளக்கிற வலி. அலுவலகத்துக்குப் போனவள் பாதியிலேயே திரும்பிவிட்டாள். வலியில் நாற்காலியை முட்டுக் கொடுக்கக்கூட மறந்துபோய்ப் படுத்தாள்.

சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

உடைக்கிற சத்தம் கேட்டிருந்தால் கத்தியிருப்பாள். இது அவளே தினமும் திறக்கிற அதே சத்தம். அவளைத் தவிர வேறு யாரும் எழுப்பக் கூடாத சத்தம். படுக்கையறைக் கதவைப் பார்த்தாள், தாழ்ப்பாள் இல்லை. குளியலறைக் கதவைப் பார்த்தாள், அதற்கும் இல்லை. யோசிக்க நேரமில்லாமல் துணி அலமாரிக்குள் புகுந்து, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு, தொங்கும் உடைகளுக்கு நடுவில் மூச்சைப் பிடித்து நின்றாள்.

ஒருவர் இல்லை, பல காலடிகள். ஒரு குழந்தை தடதடவென்று ஓடியது.

"பாருங்க, இதான் கூடம். நல்ல வெளிச்சம்." மேலாளரின் குரல்! "ஒரு பொண்ணு குடியிருக்கா. ஆள் இருந்தாத்தானே வீட்டுக்கு உயிர் வரும்? வெறும் வீட்டைக் காட்டினா யாருக்கும் மனசு ஒட்டாது. ஓரமா ஒரு செருப்பு, கொடியில ஒரு துணி, அடுப்புல ஒரு பாத்திரம் இருந்தா வர்றவங்களுக்கு 'நம்ம இங்க வாழலாம்'னு தோணும். அதுக்குத்தான்."

"அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"கேள்வி கேட்காத பொண்ணு. என் பொண்ணு மாதிரி."

காலடிகள் படுக்கையறைக்குள் வந்தன. கலைந்த படுக்கையைப் பார்த்து மேலாளர் 'த்ச்' கொட்டினார். விரிப்பை இழுத்துச் செருகும் ஓசை கேட்டது. தலையணையை இரண்டு தட்டுத் தட்டி நிமிர்த்தினார். "அலமாரியோட ஆழத்தைப் பாருங்க" என்றார்.

கதவு நகர்ந்தது.

வெளிச்சம் முகத்தில் அடித்தது. எதிரே ஒரு பெண், பக்கத்தில் அவள் கணவன், அவன் காலைக் கட்டிக்கொண்டு ஒரு குழந்தை, கைப்பிடியில் மேலாளரின் கை. அந்தப் பெண் "அம்மா!" என்று அலறி, பிறகு நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள்.

"ஐயோ, பொம்மைன்னு நினைச்சுட்டேன்!"

அப்போது சின்னவள் ஒரு காரியம் செய்தாள். அதை நினைத்தால் செத்தாலும் அவளுக்கு ஆறாது. தன் வீட்டில், தன் துணிகளுக்கு நடுவில், தன் சம்பளத்தில் வாடகை கொடுக்கிற இடத்தில் நின்றுகொண்டு, "சாரி" என்றாள்.

மேலாளர் ஒரு நொடிதான் திகைத்தார். "விளையாட்டுப் புள்ள" என்று சிரித்து, அவர்களைச் சமையலறைப் பக்கம் நகர்த்தினார். பார்த்து முடித்து எல்லாரும் வெளியே போனதும், தலையை மட்டும் உள்ளே நீட்டித் தணிந்த குரலில் சொன்னார்:

"வேலை நாள்ல வீட்டுல இருந்தா முன்கூட்டியே சொல்லணும்மா. பார்க்க வர்றவங்க பயந்துடுறாங்கல்ல?"

*

சின்னவள் வெகுநேரம் அந்த அலமாரியின் அடித்தட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. படுக்கை, வாசனை, குழந்தையின் கை, எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. இவள் வாடகைக்கு வீடு எடுக்கவில்லை. வாடகையும் கொடுத்து, காட்சிப் பொருளாகவும் இருந்திருக்கிறாள். மாதிரி ஆப்பிள், மாதிரிப் புத்தகம், மாதிரிப் பெண்.

ஆனால் ஒன்று மட்டும் விளங்கவில்லை. வீடு பார்க்க வருகிறவர்கள் குளிப்பதில்லை.

அந்த ஈரத் துண்டு மறுபடி நினைவுக்கு வந்தது. நாலு பேரும், பெரியவளின் கல்யாணமும், அப்பாவின் பெருமையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கூடவே, இப்போது இங்கே தனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அதே நாலு பேர் என்ன பேசியிருப்பார்கள் என்பதும் வந்து நின்றது. அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். அம்மாவையல்ல.

வண்டி ஓடும் சத்தத்துக்கு நடுவில் அப்பா எடுத்தார். "என்னடா சின்னவளே, இந்த நேரத்துல?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். துண்டையும் சொன்னாள். "சாரி" சொன்னதையும் சொன்னாள். "அப்பா, நான் வீட்டைக் காலி பண்ணிடட்டுமா?" என்று கேட்கும்போது, முப்பத்தோராவது மாடியைத் தானே அவர் கையிலிருந்து பிடுங்குகிற மாதிரி இருந்தது.

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது.

"சாமான் எவ்வளவு இருக்கும்?" என்றார் அப்பா. "ஒரு நடை போதுமா?"

சின்னவள் அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் காலையில் அப்பா வந்தார். இரண்டு பெட்டி, ஒரு பாய், பாத்திர மூட்டை, புத்தகங்கள். அட்டைப் புத்தகங்கள் இல்லை, அவளுடையவை. எல்லாம் கட்டி முடித்ததும் மேசையைக் காட்டி, "இந்த ஆப்பிளும் உன்னுதா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. ராத்திரி கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, காலையில் ஓரமாக நகர்த்திய நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. காலி செய்கிறவளுக்கு இன்னொரு சாவி எதற்கு? சின்னவள் அதைச் சாவிக்காகக் கேட்கவில்லை, பதிலுக்காகத்தான் கேட்டாள். பயம் போகவில்லை. பயத்தைக் கூட்டிக்கொண்டேதான் விற்பனை அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

*

"இன்னொரு சாவியா?" மேலாளர் மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். "எந்த இன்னொரு சாவிம்மா? விற்பனையில இருக்கிற எல்லார் கையிலயும் ஒண்ணு இருக்கு. மாதிரி வீட்டுச் சாவிதானே, பொதுச் சாவி."

"எல்லார் கையிலயும்னா... எத்தனை பேரு?"

"இப்ப இருக்கிறவங்க, முன்னாடி வேலை பார்த்துட்டு நின்னவங்க... திருப்பிக் கொடுத்தவங்க இருக்காங்க, கொடுக்காதவங்க இருக்காங்க. அதையெல்லாம் யாரும்மா கணக்கு வெச்சிருக்கா?"

ஒரு சாவி, ஓர் ஆள் என்றுதான் சின்னவள் இத்தனை நாள் பயந்திருக்கிறாள். யாரென்றே தெரியாத எத்தனையோ சட்டைப் பைகளில் அவள் வீடு கிடந்திருக்கிறது.

"என் துண்டுல துவட்டிக்கிட்டது யாரு சார்?"

மேலாளரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "வெயில்ல அலைஞ்சிட்டு வர்ற பசங்க. எவனாவது ஒரு குளியல் போட்டிருப்பான். இதையெல்லாம் பெருசு பண்ணலாமா? அப்பா மாதிரி சொல்றேன், கேளு."

"எனக்கு அப்பாவே இருக்காரு சார். மாதிரி வேண்டாம்."

வரவேற்புப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தரகர் எழுந்து, "மேடம், மேடம், வெளிய போய்ப் பேசிக்கலாம் வாங்க" என்று கையைப் பிசைந்தார்.

மேலாளர் முதல் தடவையாகச் சிரிக்காமல் பேசினார். "வெளிய போய் என்ன பேசுவ? தனியா இருக்கிற பொண்ணு வீட்டுக்கு யார் யாரோ வந்து போனாங்கன்னு நீயே உன் வாயால சொல்லுவியா? உன் பேருதான் நாறும். அப்புறம் இந்த ஊர்ல எவன் உனக்கு வீடு தர்றான்னு பார்க்கிறேன்."

வந்து போனாங்க. அம்மா சொன்ன அதே வார்த்தை. அம்மாவைப் பயமுறுத்திய அதே நாலு பேரைத்தான் இவரும் துணைக்குக் கூப்பிடுகிறார். சின்னவளுக்குச் சட்டென்று ஏதோ தெளிந்தது. கதவைத் திறந்தது இரும்புச் சாவி என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளே!

"எங்கம்மா எப்பவும் நாலு பேருக்குப் பயப்படுவாங்க" என்றாள். "இங்க நீங்க, தரகர், அந்த மேசையில இருக்கிறவங்க, சோபாவில இருக்கிறவங்கன்னு சரியா நாலு பேர் இருக்கீங்க. நீங்க சொன்னதை நாலு பேரும் கேட்டாச்சு. இனி சொல்றதுக்கு எனக்கு ஒரு வெட்கமும் இல்ல. வெளிய எங்கப்பா வண்டியோட நிக்கிறாரு. இங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போறோம்."

தன்னிடம் இருந்த சாவியைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். அது 'டக்' என்று விழுந்தது. கதவை நோக்கி நடந்தவள், அந்தப் புதுப் பெண்ணின் எதிரே நின்றாள். அவள் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டு, மருண்டு பார்த்தாள். விடுதியில் ஈரத் துணிக்கு அடியில் தூங்கி எழுந்த முகம் அது என்று சின்னவளுக்குத் தெரியும்.

"எதை வேணும்னாலும் கேளு, இன்னொரு சாவியை மட்டும் கேட்காதேன்னு உன்கிட்டயும் சொன்னாங்களா?"

அந்தப் பெண் தரகரைப் பார்த்தாள். தரகர் தரையைப் பார்த்தார்.

"கேளும்மா. எதைக் கேட்காதேன்னு சொல்றாங்களோ, அதைத்தான் முதல்ல கேட்கணும். வாடகைக்கு இருக்கிறது பிச்சைக்கு இருக்கிறது இல்ல. உள்ளேருந்து பூட்டிக்க முடியலன்னா, எத்தனை மாடி உசரத்துல இருந்தாலும் அது வீடு இல்ல, கடைக் கண்ணாடிப் பெட்டி. ஊர் என்ன சொல்லுமோன்னு பொண்ணுங்க வாயை மூடிக்கிறோம் பாரு, அந்தப் பயம்தான் இவங்க எல்லார் கையிலயும் இருக்கிற சாவி. அதை நாமதான் செஞ்சு கொடுக்கிறோம். இன்னிக்கு என்னுதைத் திருப்பி வாங்கிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். வெயில் முகத்தில் அடித்தது. எதிரே சாமான் வண்டி. முன் இருக்கையின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா காத்திருந்தார். முழங்கால் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்குகிற காலோடும் நடக்க முடிகிறது என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

கதவு மெல்லச் சாத்திக்கொள்வதற்குள், உள்ளேயிருந்து ஒரு மெல்லிய குரல் தயங்கித் தயங்கிக் கேட்பது காதில் விழுந்தது.

"சார்... அந்த வீட்டுக்கு எத்தனை சாவி?"

சின்னவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.